ஏழு மணி ஊசி

ராத்திரியில் சாப்பாட்டுக்கு முன் ஒரு மருந்து, பின் ஒரு மருந்து, படுக்கும்போது ஒரு மருந்து என்று எடுத்துக்கொள்பவர்கள் எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு ஒருவர் தேறுவார்கள். அவர்களில் என்னைப் போன்றவர் யாராவது இருக்கலாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்து முடிப்பதற்குள் என் மேல் உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். எனக்கே வந்தது.

என் பெயர் சுலோச்சனா. கே.ஜி.கண்டிகை பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். மதியம் மணி அடிக்கும்போது சோறு வெந்து, குழம்பு கொதித்து, முட்டை உரித்துத் தயாராக இருக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் பிள்ளைகள் தட்டைத் தட்ட ஆரம்பித்துவிடும். நேரத்துக்குச் சோறு போடுவதுதான் என் உத்தியோகம் என்று சொன்னால் தப்பில்லை. வீடு திருத்தணியில். மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டதால் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர் முனிரத்தினம், அவருடைய அப்பா. கணவர் எனக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்து 'பாவா' என்று கூப்பிட்டு, கல்யாணத்துக்குப் பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. அவர் அப்பாவை நான் மாமா என்பேன், பாவா நைனா என்பார்.

சர்க்கரை எனக்குப் புதிதல்ல. சில வருஷங்களாக மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. போன கோடையில் முதுகில் ஒரு கட்டி வந்தது. சூட்டுக் கட்டி என்று சந்தனம் பூசிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அது எலுமிச்சங்காய் அளவுக்கு வளர்ந்து காய்ச்சலும் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டியைக் கீறிச் சீழை எடுத்தார்கள். சர்க்கரை இப்படி ஏறிக் கிடந்தால் புண் ஆறாது, மாத்திரை இனிப் போதாது, இன்சுலின்தான் என்றார் டாக்டர் அம்மா. என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும் அவருக்கு. பொறுமையாக விளக்கினார். சாப்பிடுகிற சோறு ரத்தத்தில் சர்க்கரையாகச் சேர்கிறது. அதை ரத்தத்திலிருந்து எடுத்து உடம்புக்குக் கொடுப்பது இன்சுலின். எனக்கு அது உள்ளே போதிய அளவு சுரக்கவில்லை, அதனால் வெளியிலிருந்து ஊசியாகப் போட வேண்டும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, இரண்டும் சாப்பாட்டுக்கு முன். படுக்கப் போகும்போது கொழுப்புக்கு ஒரு மாத்திரை.

"வீட்ல நைட்டு எத்தன மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"ஏழரைக்குங்க. மணி அடிச்ச மாதிரி."

"அப்ப ஏழு மணிக்கு ஊசி போட்டுக்குங்க."

அவ்வளவுதான் பேச்சு. நான் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஏழரை என்றால் ஏழரைதான். அதற்கு மேல் மாமாவுக்குப் பசி தாங்காது. சாப்பிட்டதும் ரத்தக் கொதிப்பு மாத்திரை, படுக்கப் போகும்போது நீர் இறங்குவதற்கு ஒரு மாத்திரை என்று அவருக்கு நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ஒரு வேளை தவறியது கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு என் ஊசி ஒரு பெரிய காரியமா? செல்போனில் ஏழு மணிக்கு அலாரம் வைத்தேன். அலாரம் அடித்தால் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வேன்.

பாவாவுக்கு அரக்கோணத்தில் ரயில் பெட்டி பழுது பார்க்கும் வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் செகண்ட் ஷிப்ட். காலை ஷிப்ட் என்றால் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவார். செகண்ட் ஷிப்ட் என்றால் வேலை முடிந்து ரயில் பிடித்து வீடு வந்து சேரப் பத்தரை ஆகும். வண்டியை வழியில் நிறுத்திவிட்டால் இன்னும் மேலே. நான் ஊசி ஆரம்பித்த நாட்களில் முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஆள் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் காலை ஷிப்டிலேயே இருந்தார். சர்க்கரை ஒழுங்காக இறங்கியது, புண்ணும் மூடியது. டாக்டர் அம்மா என்னைப் பாராட்டி அனுப்பினார்.

பிறகு பாவா செகண்ட் ஷிப்டுக்குப் போனார். அந்த வாரம் எனக்கு ராத்திரியானால் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. காரணமே இல்லாமல் மாமாவிடம் டி.வி. சத்தத்துக்காகக் கத்தினேன். எனக்கு எப்போதுமே மூக்கின் மேல் கோபம் என்பதால் அதை யாரும் நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. வேர்வைக்கு வெயிலைக் காரணம் சொல்லிக்கொண்டேன். நடுக்கத்துக்குக் காலையிலிருந்து செய்த வேலையைச் சொல்லிக்கொண்டேன். வார முடிவில் ஒரு நாள் கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கண்ணைத் திறந்தது ஆஸ்பத்திரியில்.

பாவா வந்து எழுப்பியிருக்கிறார். நான் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறாள் என்று மாமா எனக்கு ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு, டி.வி.யையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாராம். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். விரலில் குத்திப் பார்த்த கருவியில் எண்ணே வரவில்லை, 'லோ' என்று மட்டும் வந்தது. நரம்பில் க்ளூக்கோஸ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் நான் விழித்துக்கொண்டு, பூண்டு எங்கே என்று கேட்டேனாம். சர்க்கரை ஏறினால் உடம்பை மெதுவாக அரிக்கும், இறங்கினால் உடனே ஆளைச் சாய்க்கும் என்று டாக்டர் அம்மா விளக்கினார். மூளைக்குச் சர்க்கரைதான் சாப்பாடு. அது கிடைக்காவிட்டால் முதலில் படபடப்பு, கோபம், பிறகு உளறல், பிறகு மயக்கம். ரொம்ப நேரம் யாரும் பார்க்காமல் விட்டால் உயிர் போகும்.

"சாப்பாட்டை விட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு வேளகூட விட்டதில்லீங்க."

"ஆங், ஏழரைக்கெல்லாம் எங்க ஊட்ல சோறு ஆயிடும் டாக்டரு. நானே சாட்சி" என்றார் மாமா.

இரண்டும் உண்மைதான். டாக்டர் அம்மா ஊசியின் அளவைக் கொஞ்சம் குறைத்தார். ஆஸ்பத்திரியில் இருந்தவரைக்கும் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் கேட்டது. பாவா விடுமுறை எடுத்துக்கொண்டு கூடவே இருந்தார், அதன் பிறகு காலை ஷிப்ட். நாங்களும் நடந்ததை மறக்கப் பார்த்தோம். மறுபடி செகண்ட் ஷிப்ட் வாரம் வந்தது. மறுபடி விழுந்தேன்.

இரண்டாம் முறை நடந்ததை மாமா சொல்லித்தான் தெரியும். நான் சமையலறையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேனாம். தண்ணீர் கேட்டு வந்த மாமாவைப் பார்த்து, "வரிசையில வா, தள்ளாத" என்று அதட்டினேனாம். மாமா ஒன்றும் புரியாமல், "சரிம்மா, வரேன்" என்று வரிசையில் நிற்பது போலவே நின்றிருக்கிறார். அப்போதுதான் நான் சரிந்து விழுந்து கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. எண்பதைத் தொடப்போகும் மனிதர் தெருவுக்கு ஓடிக் கூச்சல் போட்டு ஆள் சேர்த்திருக்கிறார். அவர் மட்டும் அன்றைக்குச் சீக்கிரம் படுத்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

இந்த முறை டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. அளவைக் குறைத்தும் இப்படி இறங்குகிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டும் என்றார். போட்ட இன்சுலினை உடம்பிலிருந்து கழிப்பதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. சிறுநீரகம் கெட்டால் மருந்து கழியாமல் உள்ளேயே தங்கி வேலை செய்துகொண்டிருக்கும். சிறுநீரை முதலில் சோதித்ததில் புரதம் கொஞ்சம் போகிறது என்று வந்திருந்தது. நல்ல சிறுநீரகம் புரதத்தை விடாது. மற்ற பரிசோதனைகள் வரட்டும், அதுவரை இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் அண்ணன் கனகம்மாசத்திரத்தில் டயர் பஞ்சர் கடை வைத்திருந்தவர். அவருக்கும் முதலில் இதே சர்க்கரை, இதே புரதம். பிறகு வாரத்துக்கு மூன்று தரம் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீரையும் அளந்து குடிக்க வேண்டும் அவர். வெயில் காலத்தில் நாக்கை நனைக்கக் கெஞ்சுவார். லாரி டயரை ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டு போன மனிதரைக் கடைசியில் நானும் அண்ணியும் இரண்டு பக்கமும் பிடித்து நடத்தினோம். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் வேறெதையும் நினைக்கவில்லை. அண்ணன் போன வழியில்தான் போகப்போகிறேன் என்று முடிவே செய்துவிட்டேன். செத்துப்போவதைவிட அப்படி உயிரோடு இருப்பது பயமாக இருந்தது.

ஸ்கேனுக்கு ஒரு வரிசை, ரத்தம் எடுக்க ஒரு வரிசை. நான் பிள்ளைகளை நிறுத்தி வைக்கிற மாதிரி என்னையும் நிறுத்தி வைத்தார்கள். பாவா லீவு போட்டுவிட்டு, கட்டணச் சீட்டுகளை என் கண்ணில் படாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். ஓசூரிலிருந்து மகள் வேளைக்கு ஒரு தரம் போன் செய்து அழுதாள். மாமா ஒரு நாள் காலையில் ஆளையே காணோம். மதியம் வார்டுக்குள் மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்து நின்றார். யாரிடமும் சொல்லாமல் மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"இன்னாத்துக்கு மாமா இந்த வெயில்ல?" என்றேன்.

"முடிதானம்மா. மறுபடி மொளைக்கும்" என்று சொல்லி என் நெற்றியில் திருநீறு வைத்தார். நான் அவரை டி.வி.க்காகக் கத்தியதெல்லாம் நினைவு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாயங்கால ட்யூட்டிக்கு நகரியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு சிஸ்டர். எனக்கு அவளோடு தினமும் சண்டை. ஏழு மணி ஆனதும், "ஊசி எங்க?" என்று கேட்பேன். சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்து என் தட்டு என் முன்னால் உட்காரும்வரை அவள் ஊசியைத் தொடமாட்டாள்.

"மணி ஆவுது சிஸ்டர்."

"தட்டு வரட்டும்மா."

"டாக்டர் ஏழுன்னு சொன்னாங்க."

"மணிய சாப்ட முடியுமாம்மா? தட்டு வரட்டும்."

திமிர் பிடித்தவள் என்று பாவாவிடம் புகார் சொன்னேன். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பரிசோதனை முடிவுகளுக்காகக் காத்திருந்த ஒரு சாயங்காலம் அது. தட்டு வந்தது. ஊசி போட்டுவிட்டு சிஸ்டர் பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள். நான் இட்லியைப் பிட்டுச் சாப்பிட ஆரம்பித்தேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பாவா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாவா அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்டறத பாத்துகினு கீறேன்."

"புதுசாப் பாக்குற மாதிரி."

"புதுசுதான். நான் கையை நனைக்காம நீ மட்டும் உக்காந்து சாப்ட்டு நான் எப்ப பாத்துகீறேன்?" என்று சிரித்தார். சிரித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். முகம் மாறியது. "சுலோ, செகண்ட் ஷிப்ட்ல நான் வர்ற வரைக்கும் நீ சாப்டாமயா கீற?"

"அப்பறம்? நீங்க வந்தாத்தானே."

"ஊசி?"

"அது ஏழு மணிக்கே போட்டுப்பேன். அதெல்லாம் தவற வுடறதில்ல."

பக்கத்துக் கட்டிலில் குனிந்திருந்த சிஸ்டர் நிமிர்ந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாவாவிடம், "சார், நீங்க எத்தன மணிக்கு வருவீங்க?" என்றாள். அவர் சொன்னார். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "தேவுடா" என்றாள். டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்ய ஓடினாள்.

உங்களுக்கு எப்போதோ புரிந்திருக்கும். எனக்கு அப்போதும் புரியவில்லை. சாப்பாட்டுக்கு முன் போடச் சொன்னார்கள், நான் சாப்பாட்டுக்கு முன்தான் போட்டேன். பத்தரையும் ஏழுக்குப் பிறகுதானே வருகிறது? ஊசி உள்ளே போனதும் சோற்றைத் தேட ஆரம்பிக்கும், சோறு வராவிட்டால் ரத்தத்தில் இருப்பதை எடுத்து முடித்துவிடும் என்று பாவாதான் எனக்குப் புரிய வைத்தார். காலை ஷிப்ட் வாரங்களில் மூன்று பேரும் ஏழரைக்குச் சேர்ந்து சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. செகண்ட் ஷிப்ட் வாரங்களில் மாமா சாப்பிட்டார். நான் பரிமாறிவிட்டு, மீதியை மூடி வைத்துவிட்டு, பாவாவுக்காகக் காத்திருந்தேன்.

"நான் எப்பனா உன்ன சாப்டாம குந்திகினு இருன்னு சொன்னனா?" என்று கேட்டார்.

"சொல்லல."

"அப்பறம் இன்னாத்துக்கு?"

"சொன்னாத்தானா?"

அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய் ஜன்னல் பக்கம் நின்றார். மலையில் விளக்கு போட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. என்னைக் கொல்லப் பார்த்தது தனக்காகக் காத்திருந்ததுதான் என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் டாக்டர் அம்மா வந்து கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "வீட்ல எப்பன்னு கேட்டேன். நீங்க எப்பன்னு கேக்காம விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு காகிதத்தைப் பிரித்தார். சிறுநீரகம் நன்றாகவே வேலை செய்கிறது. போகிற புரதம் கொஞ்சம்தான், சர்க்கரையையும் கொதிப்பையும் ஒழுங்காக வைத்தால் அதையும் பிடித்து நிறுத்தலாம். அண்ணன் போன வழி வேறு, என் வழி வேறு. நான் வாய்விட்டு அழுதேன். அழுகை நின்ற பிறகு, அப்படியானால் ஊசியைப் பத்து மணிக்கு மாற்றிக் கொடுங்கள், அவர் வந்ததும் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

"ரயிலை நம்பி ஊசி எழுத முடியாதும்மா. ஏழரைக்குச் சோறு உங்க முன்னால இருக்கணும். சாப்பிடணும். மத்தபடி யார் எப்ப வந்தாலும் உக்காந்து பேசுங்க" என்றார்.

கேட்கச் சுலபமாக இருந்தது. பாவா வேலைக்குத் திரும்பிய முதல் செகண்ட் ஷிப்ட் அன்று, சிஸ்டர் செய்ததைப் போலவே முதலில் தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் ஊசி. மாமா எதிரில் உட்கார்ந்து, "சாப்புடும்மா" என்றார். கத்தரிக்காய்க் காரக்குழம்பு, பாவாவுக்குப் பிடித்தது. ஒரு வாய் வைத்தேன், இறங்கவில்லை. அங்கே ஒருவர் வெறும் வயிற்றோடு இரும்பில் வேலை செய்துகொண்டிருக்க, நான் இங்கே ஃபேனுக்கு அடியில் குழம்பைப் பிசைந்து கொண்டிருக்கிறேன். இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன? பயத்தில் மாத்திரை விழுங்குவது போல விழுங்கி முடித்தேன். சாப்பிட்ட திருப்தியே இல்லை. அவர் வந்ததும் பரிமாறிவிட்டு எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது பரணிலிருந்து பழைய இரண்டடுக்கு டிபன் கேரியரை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு பாவா?"

"ராத்திரி சோத்த இதுல போட்டு வெச்சிட்டுப் போ."

"காலையிலயே கட்டினா ஆறிப் போவும். ஆறுன சோறு உங்களுக்கு ஆவாதே."

"ஆவும்" என்றார்.

அன்று சாயங்காலம் தட்டை வைத்து, ஊசி போட்டு நிமிர்ந்தேன். போன் அடித்தது. பின்னால் ரயில் சத்தம், யாரோ இரும்பைத் தட்டும் சத்தம்.

"ஊசி போட்டுகினியா?"

"ஆங்."

"தட்டு முன்னால கீதா?"

"கீது."

"ஸ்பீக்கர்ல போட்டுட்டு சாப்டு. நானும் கேரியர தொறந்துட்டேன்."

மூடி கழலும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் சாப்பிட ஆரம்பித்தோம். நடுவில் அவர், "உப்பு கம்மி" என்றார். எனக்கும் கம்மியாகத்தான் இருந்தது. ஒரே குழம்பு. மாமா தன் தட்டிலிருந்து போனைப் பார்த்து, "டேய், நைனா பேசறேன், அப்பளம் வெச்சாளா?" என்று சத்தமாகக் கேட்டார். நான் மறுசோறு போட்டுக்கொண்டேன். இப்போது செகண்ட் ஷிப்ட் வாரங்களில் தினமும் இப்படித்தான். அவர் வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரும் என் படுக்கை மாத்திரையும் எடுத்துக் கொடுப்பார். அது அவர் வேலை. விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவேன்.

போன மாதம் பரிசோதனைக்குப் போயிருந்தோம். புரதம் குறைந்திருக்கிறது. டாக்டர் அம்மா மருந்துச் சீட்டைப் புதிதாக எழுதும்போது, பழக்கத்தில், "வீட்ல நைட்டு எத்தன மணிக்குச் சாப்பிடறீங்க?" என்றார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது போல, பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்ல அவங்கவங்க எப்ப வேணா சாப்புடுவாங்கங்க" என்றேன். "நான் ஏழரைக்குச் சாப்புடறேன்."